ஆப்கானிஸ்தான் லாச்சி

நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் திவ்யா. போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கொடிக் கிடங்கின் இரும்பு அலமாரி, மேல் வரிசை, முதல் லாச்சி, அதாவது இழுப்பறை. கீழே, "அங்கிள், எல்லா நாட்டுக்கும் ஒரு கொடிதான் இருக்கு. ஆப்கானிஸ்தானுக்கு மட்டும் ஏழு இருக்கு லா. எது ஒரிஜினல்? மிச்சத்த தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டிருந்தாள்.

"ஏழும் ஒரிஜினல்தாம்மா. ஒண்ணையும் தொடாதே" என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதே வாரம் மண்டபத்தின் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டார்கள். தீயணைப்புப் பயிற்சி, ஒற்றுமை, நேரந்தவறாமை என்று ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் அந்த லாச்சியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கோலாலம்பூரில் ஒரு மாநாட்டு மண்டபத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொடிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். கிள்ளானில் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை கொடி ஏற்றுகிற வேலை பார்க்கிறார் என்று என் மாமா பெருமையாகச் சொல்ல, பெண்ணின் அப்பா எந்தக் கட்சி என்று கேட்டார். எல்லாக் கட்சியும் என்று மாமா சொல்லிவைத்தார். கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

முதல் ஆறு மாதம் இஸ்திரிப் பெட்டியோடு போனது. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்தக் கொடியை எந்தப் பக்கமாக மடிப்பது, அவ்வளவுதான் பயிற்சி. மிச்சமெல்லாம் புவான் ரொஹானியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. புவான் என்றால் மலாயில் திருமதி. அவர்தான் எங்கள் சம்பிரதாய அதிகாரி, யார் கொடி எங்கே, யார் இருக்கை எங்கே என்று முடிவு செய்பவர். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கைப்பையில் ஓர் அடி நீள எஃகு ஸ்கேல் வைத்திருப்பார். கோபம் வந்தால் அதை எடுத்து எதையாவது அளப்பார். அவர் ஸ்கேலை எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் நிர்வாக இயக்குநரே வேறு பக்கமாக நடந்துபோவார்.

அவருக்கு மூன்று விதிகள். கொடிகளை ஆங்கில அகரவரிசையில்தான் நிறுத்த வேண்டும். எந்த நாட்டின் கொடியையும், அந்த அரசாங்கமே போய்விட்டாலும், தூக்கிப் போடக்கூடாது. மேசையில் வைக்கும் பெயர்ப் பலகையில் நாட்டின் சின்னப் பெயரை மட்டும்தான் எழுத வேண்டும். முடியரசு, குடியரசு, மக்கள் குடியரசு என்று வால்கள் வந்துபோகும், வாலுக்கெல்லாம் பலகை செதுக்கிக்கொண்டிருக்க முடியாது என்பார். அதனால் தேக்குக் கட்டையில் வெள்ளை எழுத்தில் செய்த பலகைகள் ஒரு நாட்டுக்கு ஒன்றுதான் இருந்தன.

முதல் விதிதான் எனக்கு வினையாக வந்தது. அகரவரிசையில் ஆப்கானிஸ்தான் எப்போதும் முதலில் நிற்கும். மந்திரியின் கார்க் கதவு திறந்தால் கண்ணில் படுகிற முதல் கம்பம் அதுதான். மங்கோலியாவில் தப்புச் செய்தால் கூட்டத்தில் மறைந்துவிடும். ஆப்கானிஸ்தானில் தப்புச் செய்தால் ஒளிய இடமில்லை.

எண்பதுகளின் நடுவில், ஆசிய நாடுகளின் நீர்ப்பாசனக் கூட்டம் ஒன்று நடந்தது. எனக்கு வயது இருபத்து மூன்று. ஆப்கானிஸ்தான் லாச்சியைத் திறந்தால் மூன்று கொடிகள். ஒன்று கறுப்பு, சிவப்பு, பச்சை நிறங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, நடுவில் வெள்ளையாகப் பள்ளிவாசல் சின்னம் போட்டது. ராஜா காலத்துக் கொடி. இரண்டாவதில் ஒரு கழுகு. அதைப் பூச்சி அரித்திருந்தது. மூன்றாவது, மூலையில் ஒரு மஞ்சள் சின்னம் தவிர, ஒரே சிவப்பு. அப்போதெல்லாம் இங்கே கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டில் இருந்த காலம். கோலாலம்பூரில் முழுச் செங்கொடியை முதல் கம்பத்தில் ஏற்றினால் நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டேன் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். யாரையும் கேட்காமல் ராஜா கொடியை இஸ்திரி போட்டு ஏற்றிவிட்டேன். பார்க்கவும் அழகாக இருந்தது.

காலை எட்டே காலுக்கு ஓர் இளைஞர் வந்தார். அளவுக்கு மிஞ்சிய கோட்டு, பளபளவென்று துடைத்த சப்பாத்து. ஆப்கான் குழுவின் குமாஸ்தா, பெயர் கரீம். தலைவர் வருமுன் இருக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர். கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். அசையவில்லை. ரசிக்கிறார் என்று நினைத்து நான் ஒரு சல்யூட் வேறு வைத்தேன்.

"இது எங்கே கிடைத்தது?" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் ஞாபகத்தில் எல்லாம் தமிழாகவே இருக்கிறது. "இந்த ராஜா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதன் கீழே எங்கள் தலைவர் நிற்பதுபோல் ஒரு போட்டோ ஊருக்குப் போனால், முன்கூட்டி வந்து பார்த்தது யார் என்று கேட்பார்கள். வந்து பார்த்தது நான்தான்."

கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். நான் சல்யூட் வைத்த கையை மெல்ல இறக்கினேன். புவான் ரொஹானி வந்தார். கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கேலை வெளியே எடுத்தார். எதை அளக்கப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் கழுத்தை என்று தோன்றியது. ஆனால் கரீமிடம், தலைவர் வர எத்தனை நிமிஷம் ஆகும் என்றுதான் கேட்டார். தலைவர் முதல்நாள் சாலையோரக் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் சாப்பிட்டுப் பழகாத வயிற்றைக் கெடுத்துக்கொண்டு ஹோட்டலில் தாமதமாகிக்கொண்டிருந்தார். அந்த செண்டோல்காரர் எங்கள் மூவருக்கும் அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தார்.

கரீம் தன் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கொடியை எடுத்தார். கறுப்பு, சிவப்பு, பச்சை படுக்கைவசமாக ஓட, மூலையில் சக்கரமும் நட்சத்திரமும் புத்தகமுமாக ஒரு சின்னம். வெளிநாடு கிளம்பினால் பாஸ்போர்ட்டோடு கொடியையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்களாம். எந்த ஊரிலும் சரியானது இருக்காது என்றார். நான் அவ்வளவு வேகமாக வாழ்க்கையில் இஸ்திரி போட்டதில்லை. தலைவர் வந்து இறங்கினார், கொடியைப் பார்த்துத் தலையசைத்தார், கழிவறை எங்கே என்று கேட்டார்.

மதியம் கரீம் கிடங்குக்கு வந்தார். மேசைமேல் கிடந்த ராஜா கொடியின் சின்னத்தை விரலால் தடவினார். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியாராம். காலையில் இந்தக் கொடிக்குத்தான் சல்யூட் அடிப்பாராம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, லாச்சியிலிருந்த மூன்றையும் எனக்கு விளக்கினார். நாற்பது வருஷம் ஆண்ட ராஜா கண் வைத்தியத்துக்கு வெளிநாடு போனார். அந்தச் சமயம் பார்த்து, ராஜாவின் தங்கையைக் கட்டிய மச்சான் நாட்டை எடுத்துக்கொண்டார். கழுகு அந்த மச்சானுடையது. ஐந்து வருஷத்தில் சொந்த ராணுவமே மச்சானைக் குடும்பத்தோடு கொன்றது. அப்போது வந்தது முழுச் சிவப்பு. சிவப்புக் கொடித் தலைவரை அவருக்கு அடுத்தவரே தீர்த்துக்கட்டினார். அந்த அடுத்தவரை, உதவிக்கு வருவதாகச் சொல்லி டாங்கியோடு வந்த ரஷ்யர்கள் தீர்த்துக்கட்டினார்கள். ரஷ்யர்கள் கூட்டிவந்து உட்காரவைத்தவருடையது இவர் பெட்டியில் வந்த கொடி. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் குடும்ப நிலத்தகராறு ஒன்றும் பெரிதில்லை என்று பட்டது.

"இதற்கு முன்னாலும் இப்படித்தானா?" என்றேன்.

வெள்ளைக்காரன் மூன்று தடவை படையெடுத்து வந்தான் என்றார் கரீம். முதல் தடவை தனக்குப் பிடித்த ஒருவரைச் சிம்மாசனத்தில் ஏற்றினான். ஜனங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள். பின்னால் ஒரு ராஜா எல்லாரையும் அவசரமாகக் கோட்டும் தொப்பியும் போடச் சொல்லிச் சிம்மாசனத்தை இழந்தார். அடுத்து, தண்ணீர் சுமப்பவரின் மகன் ஒருவர் ஒன்பது மாதம் ஆண்டார், அவரும் தன் பங்குக்கு ஒரு கொடி போட்டார். கதவருகே நின்று இதைக் கேட்டிருந்த புவான் ரொஹானிக்கு முகம் வாடிவிட்டது. அந்த ஒன்பது மாதக் கொடி எங்கள் லாச்சியில் இல்லை என்ற குறை அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

கரீம் தன் கொடியை எங்களிடமே விட்டுப் போனார். "பழையதையும் தூக்கிப் போட்டுவிடாதே, சேகர் ஜான். எங்கள் ஊரில் எது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது." பிரியமானவர்களை அங்கே ஜான் என்று சேர்த்துக் கூப்பிடுவார்களாம்.

தொண்ணூறுகளில் அவர் மறுபடி வந்தார். தாடி வைத்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். பெட்டியில் பச்சை, வெள்ளை, கறுப்பு என்று புதுக்கொடி. ரஷ்யர்களை விரட்டியவர்கள் இப்போது ஒருவர்மேல் ஒருவர் ராக்கெட் விடுகிறார்கள் என்றார். அவருடைய தம்பி ரொட்டி வாங்க வரிசையில் நின்றபோது அப்படி ஒரு ராக்கெட்டில் செத்திருந்தார். அதைச் சொன்னபோது கரீம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கொடியை இரண்டாவது தடவை இஸ்திரி போட்டேன்.

அதன்பின் சில வருஷம் அவரிடமிருந்து தகவலே இல்லை. அங்கே வெள்ளைக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்து பெண்களின் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தோம். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று புவான் அந்தக் கொடிக்கும் ஆர்டர் கொடுக்கச் சொன்னார். எங்களுக்குக் கொடி தைப்பவர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருந்த ஹமீது பாய். அதில் இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகமான கலிமா எழுதியிருப்பதால், முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டார். தரையில் வைக்காதே, மற்றக் கொடிகளுக்கு அடியில் வைக்காதே என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னார். பத்து வருஷம் தாங்குமா பாய் என்று கேட்டேன்.

"தையல் தாங்கும். கவர்மெண்டுக்கு நான் கேரண்டி தர முடியாது தம்பி" என்றார்.

அது ஒருநாளும் கம்பம் ஏறவில்லை. அதற்குள் அமெரிக்கர்கள் படையோடு போய் இறங்கிவிட்டார்கள். அடுத்த தடவை கரீம் வந்தபோது பெட்டியில் ஏழாவது கொடி இருந்தது. பார்த்தால் மறுபடி கறுப்பு, சிவப்பு, பச்சை நெட்டுக்குத்தாக, நடுவில் பள்ளிவாசல். ராஜா கொடியின் தம்பிபோல இருந்தது. கரீமின் கோட்டு இப்போது அளவாக இருந்தது. துணை இயக்குநர் ஆகியிருந்தார். மனைவி மறுபடி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார் என்று சொல்லும்போது சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். மேசையிலிருந்த அவர் நாட்டுப் பெயர்ப் பலகை கீழே விழுந்து ஓரத்தில் பிளந்துவிட்டது. துணை இயக்குநரும் நானும் திருட்டுப் பூனைகள்போல் கிடங்கில் உட்கார்ந்து பசை போட்டு ஒட்டினோம். புவானுக்குத் தெரியாது என்று நினைத்தோம். மறுநாள் அவர் பலகையை ஸ்கேலால் அளந்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

அப்படியே இருபது வருஷம் ஓடியது. அமெரிக்கர்கள் கிளம்பினார்கள், ஜனாதிபதி விமானம் ஏறினார், வெள்ளைக் கொடிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். சில மாதம் கழித்து எனக்கு ஓர் உள்ளூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சேகர் ஜான், இந்தத் தடவை பெட்டியில் கொடி இல்லை" என்றது குரல். கரீம் மனைவி மக்களோடு செலாயாங்கில் ஓர் அடுக்குமாடியில், கையில் அகதி அட்டையோடு, மூன்றாவது நாடு ஒன்று ஏற்றுக்கொள்ளுமா என்று காத்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோலாலம்பூர் புழுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் புகார் சொன்னார்.

என் வேலையின் மிகக் கஷ்டமான நாள் அதற்கடுத்த வருஷம்தான் வந்தது. எனக்கு ஓய்வுக்குச் சில மாதமே இருந்தது. புவான் ரொஹானி எப்போதோ ஓய்வு பெற்றிருந்தாலும், அவரில்லாமல் வேலை ஓடாததால் ஆலோசகராக வாரம் இரண்டு நாள் செமினியிலிருந்து வந்துபோனார். உலர்பழ வியாபாரிகளின் கண்காட்சி, இருபத்து மூன்று நாடுகள், திறந்துவைக்க மந்திரி. காந்தஹாரிலிருந்து இரண்டு திராட்சை வியாபாரிகள் வருகிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க, சம்பளம் இல்லாமல், கரீம்.

எந்தக் கொடி? ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வெள்ளை என்றார், இன்னொருவர் மூவண்ணம் என்றார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினோம். பொருத்தமானபடி முடிவு செய்யவும் என்று பதில் வந்தது. எங்களைக் கேட்காதே என்பதைக் கௌரவமாகச் சொல்வது அப்படித்தான். வியாபாரிகளைக் கேட்கலாமா என்றேன். விருந்தாளியிடம் உன் கொடி எது என்று கேட்பது, சாப்பிட வந்தவரிடம் உன் ஜாதி என்ன என்று கேட்பது மாதிரி என்றார் புவான்.

காலை ஏழு மணிக்கு லாச்சியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். மூவண்ணத்தின் கீழே அந்த இரண்டு வியாபாரிகளும் நிற்கும் போட்டோ ஊருக்குப் போனால், திரும்பிப் போகிற அவர்கள் கதி என்ன? வெள்ளையின் கீழே கரீம் நிற்கும் போட்டோ வெளியே வந்தால், அவரைப் போலவே தப்பி வந்தவர்கள் அவர் முகத்தில் விழிப்பார்களா? மூன்றாவது நாட்டின் அதிகாரி என்ன நினைப்பார்? முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு போட்டோவுக்காகப் பயந்த அதே மனிதர். கொடியே வேண்டாமென்றால், முதல் கம்பம் மொட்டையாக நின்று அந்த நாட்டையே அவமானப்படுத்தும்.

புவான் ஸ்கேலை எடுத்தார். முதல் கம்பத்துக்கும் இரண்டாவது கம்பத்துக்கும் நடுவே இடைவெளி அளந்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி அளந்தார். பிறகு ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் இறக்கு, சேகர். கம்பத்தையும் எடுத்துடு" என்றார்.

மற்ற இருபத்திரண்டையும் முதல்நாள் முழுக்க நின்று நான்தான் இஸ்திரி போட்டு ஏற்றியிருந்தேன். அழாத குறையாக இறக்கினேன். மந்திரியின் அதிகாரி முன்கூட்டி வந்து, கொடிகள் எங்கே என்று கேட்டார். இஸ்திரிக்குப் போயிருக்கின்றன என்றார் புவான். இருபத்து மூன்றுமா என்று அவர் கேட்க, நாங்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை என்று பதில் வந்தது. அந்த அதிகாரி புதியவர். ஸ்கேலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இருந்தாலும் ஏதோ புரிந்து நகர்ந்துவிட்டார்.

மேசைகளில் பெயர்ப் பலகைகள் மட்டும் இருந்தன. வியாபாரிகள் இருவரும் கொடி இல்லாததைக் கவனிக்கவேயில்லை. ஈரான்காரர் கடை தங்கள் கடையைவிடப் பெரிதாக இருப்பதுதான் அவர்கள் மனக்குறை. கரீம் பின்வாசல் வழியாக வந்தார். மொழிபெயர்ப்பாளர் பலகைக்குப் பின்னால் உட்காரக்கூடாது, சுவரோரமாக நிற்க வேண்டும் என்பது விதி. அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததும் கிட்டே போனார், ஓரத்தில் பசைத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

புவான் ரொஹானி அந்த மேசையை நோக்கி நடந்தார். ஸ்கேல் கையில் இருந்தது. எழுப்பிவிடப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் குனிந்து, பலகைக்கும் மேசை விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தார். பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, கரீமுக்கு நேராக வைத்தார். "இப்பதான் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

திவ்யா லாச்சிப் படத்தை அனுப்பிய மறுவாரம், கரீமைக் கனடா ஏற்றுக்கொண்டுவிட்டது என்று செய்தி வந்தது. பூச்சோங்கில் என் வீட்டுக்கு அவர் மனைவியோடு சாப்பிடக் கூப்பிட்டேன். திவ்யாவிடம் கையெழுத்துப் போட்டு, லாச்சியில் இருந்ததை ஒருநாள் கடனாக வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடிகளை விரித்தேன். ஹமீது பாய் சொன்னபடி வெள்ளையை மட்டும் உயரமாக அலமாரிமேல் வைத்தேன். பாயசத்துக்கு இனி எங்கே உட்காருவதாம் என்று என் மனைவி கேட்டாள். கரீமோ பாயசத்தில் கிடந்த திராட்சையை எடுத்துப் பார்த்து, இது எங்களுடையதில்லை என்று வருத்தப்பட்டார்.

"ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நீங்களே கொடுத்ததுதான்" என்றேன். ராஜா கொடியை எடுப்பார் என்று நினைத்திருந்தேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எனக்கு வேலை கிடைத்தது இந்தக் கொடியில். மகள் பிறந்தது இதில். தம்பி செத்தது இதில். இவள் பாடம் நடத்தியது இதில். எதை எடுத்தாலும் மிச்சத்தில் யாரையாவது விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது, சேகர் ஜான்."

 திவ்யா கொடுத்த பையின் அடியில் ஏதோ கனமாக இருக்கிறதே என்று அவர்தான் கையை விட்டு எடுத்தார். பெயர்ப் பலகை. இப்போது மேசைக்கு மேசை மின்திரை வந்துவிட்டதால் லாச்சியில் கொடிகளோடு சேர்த்து அதையும் போட்டுவைத்திருக்கிறாள். கரீம் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தார். இதுவும் ஓய்வு பெற்றுவிட்டதா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

எனக்கு அதிகாரம் இல்லை. செமினிக்குப் போன் போட்டேன். புவான் ரொஹானி முழுதையும் கேட்டார். பிறகு, "முதல்ல நல்லாத் துடைச்சிட்டுக் குடு" என்றார்.

துடைத்துக் கொடுத்தேன். கரீமின் மனைவி, கனடா போகும் பெட்டியில் வைக்க, அதைத் தன் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழு கொடிகளையும் லாச்சியில் திருப்பி வைத்தபோது, திவ்யா நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டினாள். பொருள் ஒன்று குறைந்தால் காரணம் எழுத வேண்டும். அதில் அச்சடித்திருந்த காரணங்கள் மூன்றுதான்: உடைந்தது, தொலைந்தது, கழிக்கப்பட்டது. "எதுக்கு டிக் போட, அங்கிள்?"

ஒன்றுக்கும் போடாதே என்று சொல்லிப் பேனாவை வாங்கி, ஓரத்தில் நானே எழுதினேன்: உரியவர் வந்து எடுத்துச் சென்றார்.